டிஸ்னி விடுதியின் உணவுத் திட்டம்: எங்கள் குடும்பத்துக்கு அது தேவையா?

மஞ்சக்குப்பத்தார், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வசிக்கும் என் மகள், வரும் கோடையில் என்னையும் என் மனைவியையும் அங்கே வரவழைத்து, ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லண்டோவுக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் விடுதியில் 5 இரவுகள் தங்குவதற்கு ஏற்பாடு செய்துவருகிறாள். மகள், மருமகன், 11 வயதுப் பேத்தி, 7 வயதுப் பேரன், நாங்கள் இருவர் என்று மொத்தம் 6 பேர் செல்கிறோம். அறை வாடகை, நுழைவுச்சீட்டு ஆகியவற்றுடன் ‘டைனிங் பிளான்’ என்ற உணவுத் திட்டத்தையும் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாள். அவள் அனுப்பிய தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் 2 லட்சத்தைத் தாண்டியது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடி ஓடி அவள் சேர்த்த பணம் அது. எங்களுக்காகச் செலவிடுவது அவளுக்கு மகிழ்ச்சி என்பது தெரியும். ஆனாலும் நாங்கள் சாப்பிடாத சாப்பாட்டுக்கு அவள் பணம் கட்டுவதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

எனக்கு 67 வயது. சர்க்கரை நோய் உண்டு. என் மனைவி சைவம். இரவில் 2 இட்லிக்கு மேல் அவளுக்கு இறங்காது. பேத்தி நன்றாகச் சாப்பிடுவாள். பேரனோ தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்பான். இப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டும் திட்டம் பொருந்துமா என்பதே என் முதல் கேள்வி.

இந்தத் தயக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மே மாதம் தம்பி குடும்பத்தோடு, சென்னை செல்லும் வழியில் நீர்விளையாட்டுப் பூங்காவும் தங்கும் விடுதியும் ஒன்றாக உள்ள ஓரிடத்துக்குச் சென்றிருந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கும் 3 வேளைச் சாப்பாட்டுக்குச் சேர்த்தே பணம் வாங்கினார்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவனை உயரத்தை அளந்து பார்த்து, பெரியவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். என் மனைவி விடியற்காலையில் எழுந்து, மாதுளை முத்து உதிர்த்துப் பிசைந்த தயிர்சாதத்தை எவர்சில்வர் தூக்கில் எடுத்து வந்திருந்தாள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று காவலாளி அதை வாங்கி, வாயிலருகே வெயில் விழும் ஓர் இரும்பு அடுக்கில் வைத்துக்கொண்டார். மாலையில் நாங்கள் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது புளித்து நுரைத்திருந்தது. வேப்பமரத்தடியில் காகத்துக்குக் கொட்டிவிட்டு, அவள் தூக்கைக் கழுவ நல்ல தண்ணீர் தேடி அலைந்தாள். உள்ளே நாங்கள் பணம் கட்டியிருந்த மதியப் பந்தியில் அவள் சாப்பிட்டது இரண்டு கரண்டி வெள்ளைச் சோறும் கொஞ்சம் மோரும்தான்.

தம்பி குடும்பம் இந்த ஆண்டும் அதைப் போன்ற ஓரிடத்துக்குச் செல்ல ஆசைப்படுகிறது. 14 பேர் சேர்வார்கள். ஆகவே, நம்மூர் விடுதிகளில் ஆண்டுதோறும் சாப்பாட்டு விலை ஏன் இப்படி ஏறுகிறது, முன்பதிவு செய்வதற்கு முன் எதையெல்லாம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வில்லியனூர் வாசகர், புதுச்சேரி

வணக்கம் ஐயா. 2024-ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் மகனுடைய குடும்பத்தோடு அங்கே சென்று வந்தோம். செல்வதற்கு முன் நீங்கள் கேட்கும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கணக்குப் போட்டவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் திட்டம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருவகைத் திட்டங்கள் உள்ளன. ‘குவிக் சர்வீஸ்’ திட்டத்தில், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒருவருக்கு, நாமே கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் உணவு 2 வேளையும் ஒரு ஸ்நாக்கும் உண்டு. மற்றொரு திட்டத்தில், மேசையில் உட்கார்ந்து பரிமாறப்பட்டுச் சாப்பிடும் ‘டேபிள் சர்வீஸ்’ ஒரு வேளை, கவுண்டர் உணவு ஒரு வேளை, ஒரு ஸ்நாக் என்று தருகிறார்கள். இரண்டிலும் தலைக்கு ஒரு குவளை கிடைக்கும். விடுதியில் இருக்கும் நாள்வரை அதில் காப்பி, குளிர்பானம் ஆகியவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். இவை எல்லாம் கிரெடிட்டுகளாக உங்கள் கணக்கில் ஏறிவிடும். இன்ன நாளில் இவ்வளவு என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு, மீந்தவை காலாவதியாகிவிடும்.

2024-இல் குவிக் சர்வீஸ் திட்டத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு 57.01 டாலரும் சிறுவருக்கு 23.83 டாலரும் கட்டணமாக இருந்தன. மற்றொரு திட்டத்துக்குப் பெரியவருக்கு 94.28 டாலர், சிறுவருக்கு 29.69 டாலர். அவர்கள் கணக்கில் சிறுவர் என்றால் 3 வயது முதல் 9 வயது வரை மட்டுமே. 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம்தான். ஆகவே உங்கள் 11 வயதுப் பேத்தியும் பெரியவர். அந்த ஆண்டுக் கட்டணத்தின்படி உங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் 5 பேர், சிறுவர் ஒருவர் என்று வைத்துப் பார்த்தால், மேசைச் சாப்பாட்டுத் திட்டத்துக்கு ஓர் இரவுக்கு 501.09 டாலர், 5 இரவுக்கு 2,505 டாலருக்குச் சற்று மேல் ஆகிறது. குவிக் சர்வீஸ் என்றால் 1,544 டாலர் அளவில் நிற்கும். மகள் உங்களுக்கு அனுப்பியது மேசைச் சாப்பாட்டுத் திட்டத்தின் தொகையாகத்தான் இருக்க வேண்டும்.

இத்திட்டம் 2005-இல் தொடங்கியபோது பெரியவருக்கு ஏறத்தாழ 35 டாலராக இருந்தது. அப்போது மேசைச் சாப்பாட்டில் முன்னுணவும், பரிமாறுகிறவருக்குக் கொடுக்கும் டிப்ஸும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருந்தன. 2008 முதல் அவ்விரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதாவது, விலை ஏறிய அதே காலத்தில் தட்டிலிருந்தும் ஒரு பங்கு குறைந்தது. கொரோனா காலத்தில் 2020-இல் பூங்காக்கள் மூடப்பட்டபோது நிறுத்தப்பட்ட திட்டம் 2024 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது. விலைப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் பலரும் டிப்ஸை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மேசையில் பரிமாறப்படும் சாப்பாட்டுக்கு 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் கொடுப்பது வழக்கம் என்பதும், 6 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து உட்கார்ந்தால் 18 விழுக்காட்டை ரசீதிலேயே சேர்த்துவிடுவார்கள் என்பதும் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நீங்கள் சரியாக 6 பேர். திட்டம் வாங்கிய பின்பும் ஒவ்வொரு மேசைச் சாப்பாட்டுக்கும் இந்தத் தொகை கையிலிருந்து போகும்.

இப்போது கணக்கு. நாங்கள் சென்றபோது கவுண்டரில் ஒரு தட்டு 13, 14 டாலர், குளிர்பானம் 5 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மாவட்டத்து விற்பனை வரி 6.5 விழுக்காட்டைச் சேர்த்தால் ஒரு வேளை 20 டாலர். இரண்டு வேளைக்கு 40, ஸ்நாக்குக்கு 7, குவளையின் விலையை 5 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 4 டாலருக்கு மேல். மொத்தம் 51 அல்லது 52 வருகிறது. திட்டத்தின் விலையோ 57. எனவே குவிக் சர்வீஸ் திட்டத்தில் நஷ்டப்படாமல் இருக்க, எப்போதும் விலை கூடிய தட்டையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மேசைச் சாப்பாட்டுத் திட்டத்திலோ, மிக்கி போன்ற பாத்திரங்கள் மேசைக்கு வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் 60, 65 டாலர் இரவுப் பஃபேக்களில் எல்லாக் கிரெடிட்டையும் செலவழித்தால் 100 டாலர் அளவுக்குச் சாப்பிட்டதாகும். கட்டிய தொகையை விடச் சற்றுக் கூடுதல். ஆனால் 5 இரவும் பஃபேயில் உட்காரும் வயிறு உங்களுக்கும் அம்மாவுக்கும் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. ஓர் அறையில் திட்டம் வாங்கினால், அந்த அறையில் பதிவாகியுள்ள, 3 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும், தங்கும் இரவுகள் அனைத்துக்கும் வாங்கியாக வேண்டும். ‘அம்மாவுக்கு மட்டும் வேண்டாம்’ என்று விலக்கிவைக்க முடியாது. எங்கள் வீட்டில் கணக்கு நின்றுபோன இடம் இதுதான். நாங்கள் திட்டம் வாங்கவில்லை.

அங்கே பூங்காவுக்குள் நம் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் ஐயா. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. மற்றபடி நம் சொந்தத் தேவைக்கான உணவை வாயிலில் யாரும் பிடுங்கிவைப்பதில்லை. என் மனைவி எலுமிச்சைச் சாதம் கிளறி, பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து வந்தாள். பையைச் சோதித்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார். அதேபோல, கவுண்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் போட்ட குடிநீரைப் பணம் வாங்காமல் கோப்பையில் தருவார்கள். 6 பேர் வெயிலில் நடக்கும்போது, போத்தல் தண்ணீருக்கே ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம் போய்விடும் என்பதால் இதை மறந்துவிடாதீர்கள்.

சைவத்துக்கு ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியின் கிடானி வில்லேஜ் பகுதியில் ‘சனா’ என்ற உணவகம் இருக்கிறது. அங்கே ‘நான்’ ரொட்டி உட்பட 5 வகை ரொட்டியும் 9 வகைத் தொடுகறியும் ஒரே தட்டில் வரும். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். என் மனைவி அந்தப் பயணத்தில் வயிறார உண்டது அந்த ஒரு மதியம்தான். அதைத் திட்டமில்லாமல் தனிக் காசு கொடுத்து வாங்குவதே சிக்கனம். ஒரு தட்டை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளலாம்.


லாஸ்பேட்டை அம்மா, புதுச்சேரி

வில்லியனூர் ஐயாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் திட்டத்தை வாங்கியவள் என்ற முறையில் மறுபக்கத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

எனக்கு 8 வயதிலும் 12 வயதிலும் 2 பிள்ளைகள். அண்ணன் வீட்டுக்கு டெக்சாஸ் சென்றிருந்தபோது, அங்கிருந்து ஆர்லண்டோ போனோம். நான் வளர்ந்த வீட்டில் ஒரு பொருளின் விலையைக் கேட்காமல் அதை யாரும் தொட்டதில்லை. நேரு வீதியில் ஐஸ்கிரீம் வாங்கித் தரும்போதுகூட, அப்பா பலகையைப் படித்துவிட்டுத்தான் எது வேண்டும் என்று எங்களைக் கேட்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடுமுறையில் ஒவ்வொரு தட்டின் டாலர் விலையையும் ரூபாயாக்க 85-ஆல் பெருக்கிக்கொண்டே இருந்தால் நானும் நிம்மதியாக இருக்க மாட்டேன், பிள்ளைகளையும் இருக்க விடமாட்டேன் என்று என் கணவர் சொன்னதால்தான் வாங்கினோம். முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று என்பதால், அங்கே இருந்த நாள்களில் நான் ஒரு முறைகூட விலைப் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மிக்கி காது வைத்த ஐஸ்கிரீமைப் பையன் கேட்டவுடன் வாங்கிக் கொடுத்தேன். இந்த நிம்மதிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று உளமார நம்புகிறேன்.

ஆனால் என் கவனக்குறைவையும் சொல்லியாக வேண்டும். கடைசி நாள் மாலை கணக்கைப் பார்த்தபோது 11 ஸ்நாக் கிரெடிட்டுகள் மீதமிருந்தன. விடுதிக் கடையில் பொட்டலமாகக் கட்டிய மிட்டாய்களும் பிஸ்கட்டுகளுமாக அவற்றைத் தீர்த்தோம். நாள்தோறும் இரவில் படுக்கும்முன் எத்தனை மீதம் என்று பார்த்திருந்தால், அவற்றை வெயில் நேரத்திலேயே நல்லபடியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

2026-ஆம் ஆண்டுத் தங்கல்களுக்கு ஒரு சலுகை உண்டு. அறையில் உள்ள பெரியவர்கள் திட்டத்தை வாங்கினால், 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. உங்கள் 7 வயதுப் பேரன் இதில் வருவான். ஆகவே நான் சொல்லும் யோசனை இது: ஒரே பெரிய அறையாக எடுக்காமல், இரண்டு அறைகளாகத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். மகளின் குடும்பம் இருக்கும் அறைக்கு மட்டும் திட்டத்தை வாங்குங்கள். நீங்களும் அம்மாவும் உங்கள் அறையில் திட்டமில்லாமல் இருங்கள். விதியை மீறாமலேயே அம்மாவின் 2 இட்லிக்கு 94 டாலர் கட்டுவதைத் தவிர்க்கலாம். இரண்டு அறையின் வாடகை எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் மகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.


மஞ்சக்குப்பத்தார், கடலூர்

இருவருக்கும் மிக்க நன்றி. பேத்தி பெரியவர் கணக்கில் வருகிறாள் என்பதும், டிப்ஸ் தனி என்பதும் மகளுக்கே தெரிந்திருக்கவில்லை. அம்மா, நீங்கள் எழுதிய நிம்மதியைப் பற்றி என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மகளும் அதற்காகத்தான் கேட்டிருப்பாள் என்று அவள் சொன்னாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. நம்மூர் விடுதிகளைப் பற்றிய என் இரண்டாவது கேள்விக்கும் யாராவது பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.


முதலியார்பேட்டை உணவகக் கணக்கர், புதுச்சேரி

புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் கொள்முதல் பிரிவில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் எடுப்பது முதல் பெரிய மார்க்கெட்டில் காய் எடுப்பது வரை என் பொறுப்பு. பூங்கா விடுதிகளில் வேலை பார்த்ததில்லை. எனினும் அடுப்பின் கணக்கு எங்கும் ஒன்றுதான்.

ஒரு தட்டின் விலையில் அரிசி, காய், எண்ணெய் போன்ற பொருள்களுக்கு ஆகும் செலவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். மீதியில் ஆள் சம்பளம், அவர்கள் தங்கும் இடம், மின்சாரம், 19 கிலோ வணிக சிலிண்டர், வாடகை, தேய்மானம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே எண்ணெய் டின் 100 ரூபாய் ஏறினால், தட்டின் விலையில் அது அப்படியே ஏறாது. மூன்று மடங்காகப் பெருகித்தான் ஏறும். 2024 செப்டம்பரில் இறக்குமதியாகும் கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு சுழியத்திலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. அப்போது நாங்களும் விலைப்பட்டியலை மாற்றி அச்சிட்டோம். 2025 மே மாத இறுதியில் அந்த வரி 10 விழுக்காடாகக் குறைந்தது. பட்டியலை யாரும் திரும்ப அச்சிடவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பந்தி முறை, அதாவது பஃபே, இதைவிடப் பெரிய செலவு. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும். செவ்வாய்க்கிழமை 20 பேர் இருப்பார்கள். அந்த 20 பேருக்கும் 18 வகை வைத்தாக வேண்டும். இரவு 11 மணிக்குப் பந்தி முடிந்த பிறகு தட்டுகளிலிருந்து வழித்துப் போடுவதையும், யாரும் தொடாமல் கொட்டப்படுவதையும் நாங்கள் தனித்தனி வாளிகளில் எடைபோடுவோம். ஒரு செவ்வாய் இரவு, யாரும் தொடாத வாளி மட்டும் 31 கிலோ காட்டியது. கொட்டியதன் விலையையும் யாராவது கொடுக்கத்தான் வேண்டும். அது தலைக்கட்டணத்தில் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மனைவியார் சாப்பிட்ட இரண்டு கரண்டிச் சோற்றுக்கும் முழுக் கட்டணம் வாங்கியதன் பின்னால் இந்த வாளியும் இருக்கிறது. பூங்காவில் இதோடு இன்னொன்றும் சேரும். உள்ளே வந்தவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப முடியாது என்பதால், அடுத்த கடையோடு போட்டியிட வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

இனி நீங்கள் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். விடுதிக்காரர்கள் நான்கு சுருக்கப் பெயர்களைச் சொல்வார்கள். இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையோடு காலைச் சிற்றுண்டி. எம்.ஏ.பி. என்றால் சிற்றுண்டியோடு மதியம் அல்லது இரவு ஒரு வேளை. ஏ.பி. என்றால் 3 வேளையும். தொலைபேசியில் எடுத்த எடுப்பில் ஏ.பி. விலையைத்தான் சொல்வார்கள். ‘சி.பி.யில் என்ன விலை?’ என்று நீங்களாகவே கேளுங்கள். 14 பேர் என்றால் பெரும்பாலும் தருவார்கள். சிறுவர் என்பதற்கு வயது கணக்கா உயரம் கணக்கா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரி. விடுதிக்குள் இருக்கும் உணவகத்துக்கு 5 விழுக்காடா 18 விழுக்காடா என்பதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல், முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகைக்கு விட்டிருந்தால், அங்குள்ள உணவகத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. பொருந்தும். நீங்கள் எடுக்கும் அறை 4,000 ரூபாய் என்றாலும் அதே வரிதான். 600 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 5 விழுக்காடு 30 ரூபாய். 18 விழுக்காடு 108 ரூபாய். 14 பேர் 2 நாளில் 6 வேளை சாப்பிட்டால் 84 சாப்பாடு. வரியின் வேறுபாடு மட்டும் 6,552 ரூபாய். ஒரு குழந்தையின் நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

சேவைக் கட்டணம் என்று ரசீதில் தானாகச் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் உணவகத்தில் உட்கார்ந்து வாங்கும் தண்ணீர்ப் போத்தலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. அங்கே வாதாடிப் பயனில்லை. குடிநீர் எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று முன்பதிவின்போதே கேட்டுவையுங்கள். வெளிச் சாப்பாட்டைத் தடுப்பது பற்றி 2023 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியது. தடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்றும், குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும், கைக்குழந்தையின் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டது. பூங்காவுக்கு அது அப்படியே செல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை நோயாளிக்கும் முதியவருக்கும் தேவையான உணவைக் கொண்டுவர அனுமதிக்குமாறு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால், வாயிலில் நிற்கும் காவலாளிக்கும் அது உதவியாக இருக்கும். அவர் மாதச் சம்பளத்துக்கு நிற்பவர். எழுத்தில் ஒரு தாள் இருந்தால் உங்களை உள்ளே விடத்தான் அவரும் விரும்புவார்.


மஞ்சக்குப்பத்தார், கடலூர்

ஐயா, நீங்கள் எழுதிய 31 கிலோ வாளியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தம்பியிடம் உங்கள் பதிலை முழுவதும் படித்துக் காட்டினேன். இந்த முறை அறையும் காலைச் சிற்றுண்டியும் மட்டும் எடுப்பது என்றும், முதல் நாள் மதியச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் நுழைவதற்கு முன்பே வழியில் ஒரு மெஸ்ஸில் முடித்துவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். மின்னஞ்சலை நானே எழுதுகிறேன். என் சர்க்கரை நோய்க்கான மருத்துவச் சீட்டையும் அதோடு இணைக்கப் போகிறேன்.

மகளோடு நேற்று இரவு பேசினேன். இரண்டு அறையாகப் பதிவு செய்தால் வாடகை கூடுகிறது. ஆனால் எங்கள் இருவருக்கான உணவுத் திட்டத்தை விட்டுவிட்டால் அதைவிட அதிகமாக மிச்சமாகிறது என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அவள் குடும்பத்துக்கு மேசைச் சாப்பாட்டுத் திட்டத்தை எடுக்கிறாள். மிக்கி வரும் பஃபேக்கு ஓர் இரவு நாங்களும் தனிக் காசு கொடுத்து உடன் உட்காருகிறோம். பேரன் மிக்கியைக் கட்டிக்கொள்ளும்போது பாட்டியும் படத்தில் இருக்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். அந்த ஒரு வேளையை நான் கணக்கில் பார்க்கவில்லை. மற்ற நாள்களுக்கு என் மனைவி பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து எடுத்துவரப் போகிறாள். உழவர் சந்தையிலிருந்து நேற்றே மிளகாய் வாங்கி வெயிலில் போட்டாயிற்று. வில்லியனூர் ஐயா, அங்கே விமான நிலையத்தில் இவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?


வில்லியனூர் வாசகர், புதுச்சேரி

சொல்லிவிடுங்கள் ஐயா. உணவுப் பொருள் எது இருந்தாலும் சுங்க அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால்தான் அபராதம். இறைச்சி கலந்த எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். நாங்கள் பொடி வகைகளைத் தனிப் பையில் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். பிரித்துப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். எண்ணெய் கசியாமல் இரண்டு உறை போடச் சொல்லுங்கள்.